பங்குக் கிணற்றுக்கு மீன் விடுவது பற்றி

குழு: பெரிய வளவு உறவுகள்

ரஞ்சி மாமி: அனைவருக்கும் வணக்கம். மலேரியாத் தடை இயக்கத்தினர் இருவர் இன்று காலை வந்து, எங்கள் பங்குக் கிணற்றில் நுளம்புக் குடம்பிகளைக் கண்டார்கள். வெள்ளிக்கிழமை, குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன் விட வருகிறார்கள். நான்கு பங்காளரின் சம்மதமும் வேண்டும்.

குமார் (டொரன்டோ): இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதே, மாமி?

பெரியப்பா: ஒழிந்தது உண்மைதான், தம்பி. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு அகப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. 1934–35இல் ஏறக்குறைய 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியாவைப் பரப்பிய பழைய நுளம்பு, மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது தேங்கிய குட்டைகளில் பெருகியது. ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் இந்தப் புதியதற்கு ஒரு கிணறும் ஒரு தண்ணீர்த் தாங்கியுமே போதும்.

குமார் (டொரன்டோ): வழுக்கியாறு ஆறில்லையா, பெரியப்பா?

பெரியப்பா: மாரியில் மட்டும் ஆறு.

தயா சித்தப்பா: மோட்டார் திருத்திய செலவில் என் பங்குக்கு மேலாக நான் கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. அதைத் தீர்த்த பிறகு மீனைப் பற்றிப் பேசலாம்.

ரஞ்சி மாமி: அந்தக் கணக்கை இங்கே எழுத வேண்டாம், தயா.

வாணி: மீன் விட்ட தண்ணீரைக் குடிக்கலாமா?

பெரியப்பா: காய்ச்சி ஆற்றிக் குடிக்கலாம், மகள். குடிக்கும் கிணற்றில் மருந்து போடுவதை விட மீன் விடுவதையே நான் விரும்புவேன். தாங்கிகளின் மூடிகளையும் பாருங்கள். ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் இந்த நுளம்பு கண்டறியப்பட்ட 2012இல் மலேரியா நோயாளர் 27 பேர்தான். 2020இல் அந்தத் தொகை 70,000ஐத் தாண்டியது. எங்களிடம் நுளம்பு வந்துவிட்டது, கிருமி வரவில்லை. யாராவது ஒருவர் அதை வெளியிலிருந்து உடம்பில் கொண்டுவரும் நாளில் இரண்டும் சந்தித்துவிடும்.

வாணி: செல்வி மச்சாள் இந்தியாவுக்குத் தலயாத்திரை போய் வந்ததிலிருந்து விட்டுவிட்டுக் காய்ச்சல் என்கிறாரே.

செல்வி மச்சாள்: டெங்குச் சோதனை செய்தார்கள், இல்லை என்றார்கள். பனடோல் போட்டால் தணிகிறது.

பெரியப்பா: பனடோலோடு நிற்காதே, பிள்ளை. நாளைக் காலையே போய், இந்தியா சென்று வந்ததை நீயே முதலில் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கச் சொல். கேளாமல் அதைச் சோதிக்கும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. இந்தியாவில் பரவும் வைவாக்ஸ் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்தும் எழும்பும். அதனால் திரும்பி வந்து நாளாகிவிட்டதே என்றும் எண்ணாதே. இரவில் வலைக்குள் படு.

செல்வி மச்சாள்: போகிறேன், பெரியப்பா. நேர்த்தி வைத்துப் போய்க் காய்ச்சலோடு வந்தேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

குமார் (டொரன்டோ): என் பங்குக்குச் சம்மதம். சித்தப்பாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

தயா சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

ரஞ்சி மாமி: அவர்கள் வருவது வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்குப் படலையைத் திறந்து வைப்பேன். மறிக்க விரும்புபவர் அதற்கு முன் வரலாம்.