லைனில ஒரு பிள்ளையைப் போட்டு வதைக்கேக்க மற்ற ஆக்கள் ஏன் வாய் திறக்கினமில்லை?

கனகராயன்:
கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தையல் ஆலையளைப் பற்றித்தான் கேக்கிறன். சூப்பவைசர் ஒரு பிள்ளையை மாசக்கணக்கா ஏசுறது, பாத்ரூம் போற நிமிசத்தை எண்ணுறது, லீவு போமைத் திருப்பி எறியிறது. லைனில (மெஷினுகளை வரிசையாப் போட்டுத் தைக்கிற குழு) 30 பேர் இருந்தாலும் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கிறேல்லை. மத்தியானம் அவளோட ஒரே மேசையில இருந்து சாப்பிடவும் பின்னடிக்கினம். எல்லாரும் ஒரே ஊர், ஒரே பஸ்ஸில வந்து போறவை. "பயம்" எண்டு ஒரு சொல்லில முடிக்காமல் விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. எங்கை பிடிச்சால் வாய் திறப்பினம்?

ஓவர்லொக்:
பயத்துக்கு முதல் காசைப் பாருங்கோ. கன ஆலையளில இன்சென்டிவ் (கூடத் தைச்சால் சம்பளத்துக்கு மேல குடுக்கிற காசு) ஆளுக்கில்லை, லைனுக்குத்தான். போர்ட்டில மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுதிற எண் குறைஞ்சால் எல்லாருக்கும் வெட்டு.

ஒரு பிள்ளையை விரட்ட நினைக்கிற சூப்பவைசர் எடுத்த எடுப்பில கத்தமாட்டார். பழக்கமில்லாத ஒப்பரேசனுக்கு, அதாவது உடுப்பின்ர வேறொரு பகுதியைத் தைக்கிற வேலைக்கு, மாத்துவார். சைட் சீம் (பக்கத் தையல்) அடிச்சுக்கொண்டு இருந்தவளைக் கொண்டுபோய்க் கொலர் பூட்ட இருத்தினால், கொஞ்ச நேரத்தில அவளின்ர மெஷினுக்குப் பக்கத்தில தைக்காத துணிக்கட்டு (பண்டில்) குவியும். அடுத்த மெஷின்காரி துண்டு வராமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். அந்த நேரம் பார்த்து ஏச்சு விழும். லைனுக்கு அது அநியாயமாப் படாது, "இவளாலை எங்கட காசும் போகுது" எண்டுதான் படும். சூப்பவைசர் கையைத் துடைச்சுப்போட்டு அங்காலை போயிடுவார்.

ஆனபடியால் முதல் வேலை கணக்கெழுதிறது. எந்தத் திகதி, எந்த ஒப்பரேசனில இருந்து எதுக்கு மாத்தினது, மாத்த முதல் மணிக்கு எத்தினை துண்டு, மாத்தின பிறகு எத்தினை. இரவு வீட்டில இருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில எழுதினால் போதும். ஆலையின்ர உற்பத்தித் தாளை எடுத்துக்கொண்டோ போனில படம் பிடிச்சுக்கொண்டோ வராதேங்கோ. பிறகு களவெண்டு சொல்லி விசாரணையை உங்கட பக்கம் திருப்பிப்போடுவினம்.

நெத்தலியாறு:
ஓவர்லொக் சொன்னது சரி, ஆனால் லைன் இன்சென்டிவ் இல்லாத கந்தோரிலயும் இதே மௌனம்தானே.

1968இல் லற்றானே, டார்லி எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர் ஒரு அறைக்குள்ள புகை விட்டுப் பார்த்தவை. தனிய இருந்த ஆக்களில நூற்றுக்கு 75 பேர் வெளியில வந்து சொல்லிச்சினம். பக்கத்தில ரெண்டு பேர் அசையாமல் இருந்தால் (அவை சொல்லிவைச்ச ஆக்கள்) நூற்றுக்கு 10 பேர்தான். லைனிலயும் அதுதான் நடக்குது. ஒருத்தி மற்றவளின்ர முகத்தைப் பார்ப்பாள், மற்றவள் குனிஞ்சு தைப்பாள், "அப்ப இது பெரிய விசயமில்லை" எண்டு இவளும் குனிவாள். உள்ளுக்குள்ள ரெண்டு பேருக்கும் கொதி. "எங்களுக்கேன் சோலி" எண்ட கதை அதுக்குப் பிறகு வாறது.

கூட்டம் வைச்சு "ஆர் சாட்சி சொல்லுவியள்?" எண்டு கேட்டால் திரும்பவும் ஒராளை ஒராள் பார்ப்பினம். தனித்தனியாக் கேளுங்கோ. "அவளுக்கு உதவுவியோ" எண்டு கேட்டால் மழுப்புவினம். "செவ்வாய்க்கிழமை ரீக்கு முதல் அவர் சொன்ன சொல்லு உனக்குக் கேட்டதோ?" எண்டு கேளுங்கோ. அதுக்கு ஓம், இல்லை எண்டுதான் பதில். ரெண்டு பேர் ஓம் எண்டால் மூண்டாவது ஆள் தானா வரும்.

முறைப்பாட்டுப் பெட்டியை நம்பாதேங்கோ. முப்பது பேருக்குள்ள கையெழுத்தைப் பார்த்தே ஆளைப் பிடிக்கலாம்.

முறிகண்டிக் கச்சான்:
சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். வேலைத்தலத்து வதைக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. பாலியல் தொந்தரவு என்றால், சொல்லால் செய்தாலும், தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு இருக்கிறது, 5 வருடம் வரை சிறை.

சாட்சி சொல்பவருக்கு வேண்டியது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த 56ஆம் இலக்கத் திருத்தம். நியாய சபையிலோ அதிகாரமுள்ள ஒருவரிடமோ நல்லெண்ணத்தோடு சொன்ன கூற்றுக்காகத் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ முதலாளியால் முடியாது. கன்ரீனில் கதைத்ததுக்கு இந்தக் காப்பு இல்லை. தொழில் திணைக்களத்தில் கொடுத்த வாக்குமூலமாக இருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். எங்கள் ஆட்கள் பஸ்ஸில் எல்லாம் கொட்டிவிட்டுக் கந்தோரில் ஊமையாகிவிடுவார்கள், தலைகீழ்.

எழுதும்போது "கூடாத வார்த்தையால் ஏசினார்" என்று நாகரிகம் பார்க்க வேண்டாம். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். சிங்களத்தில் ஏசியிருந்தால் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதலாம்.

"சுயவிருப்பில் விலகுகிறேன்" என்று கடிதம் கேட்டால் அந்த இடத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது. வைத்தால் அது நீக்கமல்ல, விலகல் என்று முதலாளி பக்கம் வாதாடும். வாயால் "போ" என்று நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம்தான். அந்தத் திகதியை விடாதீர்கள்.

கனகராயன்:
நன்றி. ஒரு சந்தேகம். கூட்டாக் கடிதம் எழுதினால் முதலாவதாக் கையெழுத்து வைக்க ஒருத்தரும் வராயினம். முதல் பேருக்குத்தானே அடி விழும்?

ஓவர்லொக்:
தாளின்ர நடுவில கடிதத்தை எழுதி, சுத்திவர வட்டமாக் கையெழுத்து வையுங்கோ. முதல் ஆள் ஆரெண்டு தெரியாது. 7 பேரோ கூடவோ சேர்ந்தால் தொழிற்சங்கமாப் பதியவும் அந்த எண்ணிக்கை காணும், ஆனால் அது வேற கதை, வேற இழையில கேளுங்கோ.