டோரதி வைல்டிங் எடுத்த அரச குடும்பப் படம்: அசல் பிரிண்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தபால்தலைப்பித்தன்:
நான் சேர்ப்பது பிரிட்டிஷ் தபால்தலைகள். 1952 டிசம்பரிலிருந்து 1967 வரை வந்த இளம் இரண்டாம் எலிசபெத் ராணியின் படம் போட்ட தபால்தலைகளை சேகரிப்பாளர்கள் 'வைல்டிங்' என்றுதான் சொல்வார்கள், அது அந்தப் படத்தை எடுத்த டோரதி வைல்டிங்கின் பெயர் என்று தெரிந்ததிலிருந்து அவர் எடுத்த புகைப்படங்கள் மேலேயே ஆசை வந்துவிட்டது. இப்போது ஆன்லைன் ஏலம் ஒன்றில் 1937 முடிசூட்டு விழாவை ஒட்டி அவர் எடுத்ததாகச் சொல்லி, ஆறாம் ஜார்ஜின் மனைவி எலிசபெத் ராணியின் படம் வந்திருக்கிறது. படம் ஒட்டியிருக்கும் மவுண்ட் அட்டையின் கீழே பென்சிலில் 'டோரதி வைல்டிங், லண்டன்' என்று இருக்கிறது. விற்பவர் 'கையெழுத்திட்ட அரச படம்' என்று தலைப்புப் போட்டு அதற்குத் தகுந்த விலையும் கேட்கிறார். பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்றால் பதிலே இல்லை. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

வெள்ளிப்படம்:
பின்பக்கம் காட்டாதவரிடம் வாங்காதீர்கள், முதல் பதில் அதுதான்.

அடுத்து, அந்தத் தலைப்பே பாதி ஏமாற்று வேலை. அட்டையில் இருப்பது புகைப்படக்காரரின் பெயர். அரச கையெழுத்து என்றால் படத்தில் இருப்பவர் போட்டிருக்க வேண்டும், பெரும்பாலும் பேனா மையில், பக்கத்தில் வருடமும் இருக்கும். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அரச கையெழுத்தே இருந்தாலும் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் அம்மா எலிசபெத்தும் 'எலிசபெத் ஆர்', 1952க்குப் பிறகு மகளும் 'எலிசபெத் ஆர்' என்றே போட்டார்கள் ('ஆர்' என்பது ராஜா, ராணி என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து), வருடத்தையும் எழுத்தின் சாயலையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். ராஜா விஷயத்தில் ஒரு வசதி உண்டு. ஆறாம் ஜார்ஜ் முதலில் 'ஜார்ஜ் ஆர் ஐ' என்று போடுவார், அந்த 'ஐ' இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டத்துக்காக. நமக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு அது போய்விட்டது. 1950 என்று தேதி போட்டு 'ஆர் ஐ' இருந்தால் ஓடிவந்துவிடுங்கள்.

படத்தைப் பொறுத்தவரை, கையில் கிடைத்ததும் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சடித்த பக்கம். முடிசூட்டு விழா மலர்களிலிருந்து பக்கத்தை வெட்டி ஃப்ரேம் போட்டு விற்பது பழைய வியாபாரம். புள்ளி இல்லாமல் சாம்பல் நிறம் வழவழப்பாக ஓடினால் உண்மையான பிரிண்ட், ஆனால் எந்தக் காலத்துப் பிரிண்ட் என்பது இன்னும் பாக்கி. அதற்குக் கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச் போதும். தாளை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் புகைப்படத் தாளில் 1950களை ஒட்டித்தான் பரவலானது, 1937 பிரிண்ட் என்று சொல்லி அது நீலமாக ஒளிர்ந்தால் பிற்காலத்தில் போட்டது. அட்டையைத் தனியாகப் பாருங்கள், பழைய அட்டையில் புதுப் படத்தை ஒட்டுவதும் நடக்கிறது. ஓரத்தில், கருப்பான இடங்களில், சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், வயதான வெள்ளிப் பிரிண்டுக்கு, அதாவது வெள்ளி ரசாயனத்தில் உருவம் வரும் சாதாரண கருப்புவெள்ளைப் படத்துக்கு, அது வருவதுதான்.

கோவைவாசகி:
வைல்டிங் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், வாங்குகிறவருக்கும் உதவும். நடிகையாக ஆசைப்பட்டு, வீட்டில் மறுத்ததால் கேமராவுக்கு வந்தவர். 1937 முடிசூட்டுக்கு அதிகாரபூர்வப் படம் எடுத்த முதல் பெண் அவர்தான், 1943இல் ராயல் வாரண்டும், அதாவது அரச குடும்பத்துக்கு வேலை செய்பவர் என்ற அதிகாரபூர்வ அங்கீகாரமும், கிடைத்தது. மகள் எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1952 பிப்ரவரி 6, அதே மாதம் 26ஆம் தேதி வைல்டிங் முன்னால் உட்கார்ந்து 59 படங்கள். உலகம் முழுக்க பிரிட்டிஷ் தூதரகங்களில் தொங்கியது அந்த வரிசைதான். அவர் பாணியை ஒருமுறை பார்த்தால் மறக்காது: வெள்ளைவெளேர் பின்னணி, கூர்மையான வெளிக்கோடு, சோபா தூண் எதுவும் கிடையாது. பின்னால் கனமான திரையும் பூஜாடியும் இருந்தால், 'வைல்டிங் 1937' என்று யார் சொன்னாலும் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

ஆனால் எனக்கு அவரைவிட ஆலிஸ் ஹியூஸ்தான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள். லண்டன் கோவர் ஸ்ட்ரீட்டில் 1891 முதல் 1910 வரை ஸ்டூடியோ, பெண்களையும் குழந்தைகளையும்தான் எடுப்பார், அரச குடும்பப் பெண்கள் உட்பட. வைல்டிங் ரீடச்சிங்கில், அதாவது எடுத்த படத்தைக் கையால் திருத்துவதில், முகத்தைப் பீங்கானாக்கிவிடுவார். ஹியூஸின் படங்கள் பிளாட்டினம் பிரிண்ட், உருவம் வெள்ளியில் இல்லாமல் பிளாட்டினத்தில் இருக்கும், அதனால் மேலே சொன்ன வெள்ளிப் பளபளப்பை அதில் தேடாதீர்கள். எதிரே பல வருடம் ஒட்டிக்கிடந்த தாளில் அதே உருவம் பழுப்பாக விழுந்திருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் கூடவே வையுங்கள், அதுவே சாட்சி.

தபால்தலைப்பித்தன்:
படத்தில் பின்னணி வெள்ளைதான், மேடம். சரி, யூவி டார்ச்சுக்குச் சொல்லிவிட்டேன். குறைந்த செலவில் தொடங்க ஏதாவது வழி உண்டா? அப்புறம், நான் இருப்பது சென்னை, கடல் காற்று.

பழையஆல்பம்:
அஞ்சலட்டையில் தொடங்குங்கள் தம்பி. அந்தக் காலத்தில் அரச படங்களைப் புகைப்படத் தாளிலேயே போட்டு அஞ்சலட்டையாக விற்றார்கள், புகைப்படக்காரர் பெயர் பலதில் இருக்கும், விலை பெரிய பிரிண்டில் ஒரு சின்னப் பங்குதான். பின்னால் தபால் முத்திரை இருந்தால் தேதிக்கும் ஆதாரம் கிடைக்கும்.

சென்னைக்கு முக்கியம் பூஞ்சை. பிவிசி உறை வேண்டாம், பாலியஸ்டர் உறை வாங்குங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது, செலோடேப் பக்கமே போகாதீர்கள். கடற்கரைப் பக்கச் சுவரில் மாட்டாமல், காற்று போகிற அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு படுக்கவைத்தால் போதும், மழைக்காலத்தில் ஜெல்லை மாற்றுங்கள். கையால் வண்ணம் தீட்டிய பிரிண்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் வைக்காதீர்கள், நிறம் போனால் திரும்பாது. ஹாலில் மாட்ட ஆசையா, ஸ்கேன் எடுத்து அதை மாட்டுங்கள்.

வெள்ளிப்படம்:
இன்னொன்று. ஏலத்தில் பின்பக்கம் கிடைத்தால் முத்திரை, ஸ்டூடியோ முகவரி, பத்திரிகை அலுவலக ஒட்டுச்சீட்டு எல்லாம் தெரிகிற மாதிரி இங்கே போடுங்கள், அதைப் பார்த்துவிட்டு விலை பேசலாம். அதுவரை ஏலம் கேட்காதீர்கள்.