கோவை–சென்னை, சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் தனித்தனி டிக்கெட்: 2 மணி 40 நிமிடம் போதுமா?

பனியன் ஊர்க்காரன்:
வணக்கமுங்க. நவம்பர் கடைசியில் ஜெர்மனிக்கு, எங்கள் துணியை வாங்குகிற பையரைப் (buyer) பார்க்கப் போகிறேன். கோவையிலிருந்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் 9,000 ரூபாய் அதிகம் வருகிறது, அதனால் இரண்டாகப் பிரித்து எடுக்கலாமா என்று யோசனை. கோவை விமானம் இரவு 11.10-க்கு சென்னையில் இறங்கும், ஃபிராங்க்ஃபர்ட் விமானம் 1.50-க்குக் கிளம்பும். கையில் குழந்தைத் துணி சாம்பிள் பெட்டி ஒன்று, 22 கிலோ. அடிக்கடி போய் வருகிறவர்கள் சொல்லுங்க, சமாளிக்க முடியுமா?

பல்லடம் தறி:
கிளம்புகிற நேரத்தைப் பார்க்காதீங்க, செக்-இன் கவுண்டர் மூடுகிற நேரத்தைப் பாருங்க. வெளிநாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிவிடுவார்கள், அப்படியென்றால் 12.50. பெல்ட்டில் பெட்டி வரவே அரை மணி ஆகும், அதைத் தள்ளிக்கொண்டு இன்டர்நேஷனல் டெர்மினலுக்கு நடந்து, வாசல் வரிசையில் பாஸ்போர்ட் காட்டி உள்ளே போகணும். கோவையில் ஒரு மணி நேரம் லேட் என்றால் முடிந்தது கதை. அதுவும் நவம்பரில் சென்னை மழையை நம்பி! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு ஓடுதளத்தையே மூடி வைத்திருந்தார்கள்.

சித்ரா ஸ்டாப்:
நான் பட்டவன், சொல்கிறேன். கோவையில் 2 மணி நேரம் லேட். சென்னையில் ஓடிப்போய் நின்றபோது கவுண்டரில் இருந்த பையன் வரிசைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், "க்ளோஸ்டு சார்" என்றான். தனி டிக்கெட் என்றால் முதல் கம்பெனி "உங்களை சென்னையில் இறக்கிவிட்டோம்" என்று சொல்லிவிடும், இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத ஆள், அவ்வளவுதான். இதைவிடக் கொடுமை, போகிற பயணத்துக்கு வராததால் அதே டிக்கெட்டில் இருந்த ரிட்டர்னும் ரத்து. அன்றைக்கு ராத்திரி வீட்டில் கட்டிக்கொடுத்த அரிசிம்பருப்பு சாதத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அது மட்டும்தான் நல்லா இருந்தது.

ஊத்துக்குளி வெண்ணெய்:
எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துறீங்க. நான் இரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று தடவை போயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கைப்பை மட்டும்தான், வீட்டிலேயே வெப் செக்-இன் முடித்துவிடுவேன். பெட்டி போட்டால் நானே இந்த வேலைக்குப் போக மாட்டேன்.

பெருந்துறை சிப்காட்:
பெட்டி என்றதும் ஒன்று. உள்நாட்டு எகானமியில் சாதாரணமாக 15 கிலோதான், மீதி 7 கிலோவுக்கு கோவையிலேயே காசு கட்டணும். ஒரே டிக்கெட் என்றால் வெளிநாட்டு விமானத்துக்கான பெட்டி அளவே கோவை–சென்னை விமானத்துக்கும் செல்லும், பெட்டியும் பெரும்பாலும் நேராக ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் கைக்கு வரும். அந்த 9,000-ல் இதைக் கழித்துப் பாருங்க.

அப்புறம், திருப்பூரில் இருந்துகொண்டு எதற்குக் கோவைக்குப் போகணும்? காலை வந்தே பாரத் திருப்பூரிலேயே நிற்கும், மதியம் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோ நேராக ஏர்போர்ட். லேட் ஆனாலும் பாதி நாள் கையில் இருக்கும். உள்நாட்டு டிக்கெட் காசும் மிச்சம்.

பனியன் ஊர்க்காரன்:
15 கிலோ விஷயம் தலையிலேயே ஏறவில்லைங்க, நன்றி. ரயிலிலேயே போகிறேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் ஏர்போர்ட்டில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சித்ரா ஸ்டாப்:
பல்லாவரத்தில் நம்மாள் யாராவது இருப்பாங்க, பெட்டியோடு அங்கே போய்ப் படுங்க. இரவு பத்து மணிக்குள் டெர்மினலுக்கு வந்தால் போதும். சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்தே கட்டிக்கங்க.