பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பார்த்தவங்க

மதுரையிலிருந்து:

விமர்சனம் எழுதறதுக்கு இந்த இடம் இல்லை. கதை என்ன, கேமரா எப்படி, எத்தனை ஸ்டார் கொடுக்கலாம், இதெல்லாம் முதல் காட்சி இடைவேளைக்குள்ளயே எழுதி முடிச்சிடறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது வேற. சமீபமா நீங்க பார்த்த படத்துல, உங்களைச் சுத்தி உட்கார்ந்திருந்தவங்க என்ன பண்ணாங்க? எந்த இடத்துல கத்தினாங்க, எங்க எழுந்து போனாங்க? அதைச் சொல்லுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். ‘கொட்டுக்காளி’. 2024 ஆகஸ்ட் 23 வெளியீடு. பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்த படம். அவரோட ‘கூழாங்கல்’ 2021-ல ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கினது, ‘கொட்டுக்காளி’ பெர்லின் போயிட்டு வந்தது எல்லாம் என்னை மாதிரி நாலு பேருக்குத் தெரியும். தியேட்டருக்கு வந்த மிச்சக் கூட்டத்துக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: சூரி படம். அவரு எங்க ஊர்க்காரரு, ‘கருடன்’ ஓடின சூடு வேற இன்னும் ஆறலை. குடும்பம் குடும்பமா வந்திருந்தாங்க.

ஒரு பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு, அதை ஓட்டறவன்கிட்ட குடும்பமே சேர்ந்து ஆட்டோவுலயும் பைக்குலயும் கூட்டிட்டுப் போற கதை. படத்துல பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், பைக் சத்தம், காத்து, கால் கட்டின சேவல் இறக்கையை அடிச்சுக்கிற சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல பின்னாடியிருந்து ஒருத்தன் ஆபரேட்டர் ரூமைப் பார்த்து, “ண்ணே, சவுண்டு போடுங்கண்ணே!”ன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க. சூரி தொண்டையில சுண்ணாம்பைத் தடவிக்கிட்டு கரகரன்னு பேசறாரு. அடுத்த வார்த்தை காமெடியா இருக்கும்னு காத்திருந்தவங்க ஒவ்வொருத்தரா போனை எடுக்க ஆரம்பிச்சாங்க.

அப்புறம் அந்த இடம் வந்தது. வழியில எங்கயோ மைக் செட்ல ஓடற பாட்டை அன்னா பென் லேசா வாய்க்குள்ள முணுமுணுக்கும். அதைப் பார்த்துட்டு சூரி வெறி பிடிச்ச மாதிரி அடிப்பாரு. தடுக்க வர்ற பொம்பளைங்களுக்கும் சேர்த்து விழும். எனக்கு முன் வரிசையில ஒரு அப்பத்தா. அதுவரைக்கும் முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தது, எழுந்தே நின்னுருச்சு. “ஏண்டா, பாட்டுப் படிச்சதுக்காடா அந்தப் புள்ளைய இந்த அடி அடிக்கிற?” ஸ்கிரீனைப் பார்த்துத்தான் கேட்டுச்சு. யாரும் சிரிக்கலை. போன் வெளிச்சமெல்லாம் ஒண்ணொண்ணா அணைஞ்சது.

படம் எந்த இடத்துல நிக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். பேய் ஓட்டறவன் வேறொரு பொண்ணை என்ன பண்றான்னு பாண்டி, அதான் சூரி, பார்ப்பான். அடுத்தது இவன் கூட்டிட்டு வந்தவ. அதோட முடிஞ்சது. லைட்டைப் போட்டதும் ஒரே கூச்சல். “அவ்வளவுதானா?”, “காசைத் திருப்பிக் குடுங்கய்யா.” அப்பத்தா பேரன்கிட்ட, “அப்ப அந்தப் புள்ளைய அவன்கிட்ட உட்கார வச்சாங்களா இல்லையா?”ன்னு கேட்டுச்சு. “அதை நம்மகிட்டயே விட்டுட்டாங்க அப்பத்தா.” “என்கிட்ட விட்டா நான் என்னத்தச் சொல்ல, வண்டியத் திருப்பச் சொல்லு.”

ரெண்டு மணி நேரம்கூட ஓடாத படம் அது. அதுக்கு நான் படிச்ச விமர்சனம் எதுவும் இந்த ஒரு வரிக்குப் பக்கத்துல நிக்காது.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து:

அதே ஆகஸ்ட் 23-தான் ‘வாழை’யும் வந்துச்சு. நான் எங்கம்மையைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். எங்கம்மை வாழைத்தார் சுமந்தவ. சின்ன வயசுல சும்மாடு கட்டி, வயக்காட்டுச் சகதியில இருந்து ரோட்டுல நிக்கிற லாரி வரைக்கும். மாரி செல்வராஜ் தன் சின்ன வயசுக் கதையைத்தான் எடுத்திருக்காருன்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். “நம்ம கதைய நாம எதுக்குத் துட்டு குடுத்துப் பாக்கணும்”னு ஒரே பிடிவாதம்.

படத்துல ரஜினி ரசிகன், கமல் ரசிகன்னு ரெண்டு பயலும் சண்டை போடற இடத்துல எல்லாம் தியேட்டரே சிரிச்சுது, அம்மையும் சிரிச்சா. டீச்சர் வர்ற இடத்துல பையங்க விசில். ஆனா தார் தூக்கற காட்சி வந்ததும் எங்கம்மை கை தன்னால கழுத்துக்குப் போயிட்டு. பிடரியைத் தடவிக்கிட்டே இருந்தா. “சட்டையில கறை சரியா இருக்கு”ன்னா. வாழைக்கறை எந்த சோப்புக்கும் போகாது. வேலைக்குன்னே ஒரு சட்டை தனியா வச்சிருப்பாங்க, அது கடைசி வரைக்கும் கருப்புப் புள்ளியாத்தான் கிடக்கும். அதைக் காஸ்ட்யூம்ல கவனிச்சு வச்சிருக்காங்க. தேனி ஈஸ்வர் கேமராவுல பச்சை பச்சையா அழகாத்தான் இருக்கு தோட்டம். எங்கம்மைக்கு அந்த அழகு ஒண்ணும் தெரியலை. “இம்புட்டுத் தூரத்துக்கு சுமக்கணுமேன்னுதான் தோணுது” அப்படின்னா.

எல்லாரும் கடைசியில அழுதாங்க. பசிக்குச் சோத்துல கை வைக்கிற பையனைப் பார்த்து அழாதவங்க யாரு? எங்கம்மை அழுதது அங்க இல்லை. கூலியை ஒத்த ரூவா கூட்டிக் கேட்டு வாங்கிடுவாங்கள்ல, அதைச் சரிக்கட்டறதுக்கு ஆளுங்களுக்குத் தனி வண்டி கிடையாது, லாரியில தார் மேலயே ஏறிப் போங்கன்னு சொல்ற இடம். அந்த இடத்துல புடவைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டா. கடைசியில வர்ற லாரி விபத்து அங்கயே நடந்துட்டுன்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டு. எங்க ஏரியாவுல ஏவாரிங்க பண்ற கணக்கு அது.

சென்னையிலிருந்து:

ரெண்டையும் ஒரே வாரத்துல பார்த்தேன். ‘வாழை’க்கு ஹவுஸ்ஃபுல், ‘கொட்டுக்காளி’க்கு எங்க ஸ்கிரீன்ல ஆளைத் தேட வேண்டியிருந்தது. ரெண்டு வாரம் தள்ளி விட்டிருக்கலாம். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

நீடாமங்கலத்திலிருந்து:

‘மெய்யழகன்’ பத்தி நான் பேசலைன்னா ஊர்ல சோறு போட மாட்டாங்க. கல்யாணமே எங்க ஊர்லதானே நடக்குது!

2024 செப்டம்பர் 27-ந் தேதி, வெட்டறதுக்கு முன்னாடி இருந்த முழுப் படத்தையும் பார்த்தவன் நான். கிட்டத்தட்ட மூணு மணி நேரம். சித்தப்பாவும் கூட வந்தாரு. எங்க குடும்பத்துல பாகப்பிரிவினை நடந்து, அவரு பொறந்த வீடு கைமாறிப் போய் வருஷக்கணக்காச்சு. இன்னிக்கும் அந்தத் தெரு வழியா போக மாட்டாரு, சுத்திக்கிட்டுத்தான் போவாரு. அரவிந்த் சாமி குடும்பம் தஞ்சாவூர் வீட்டைக் காலி பண்ற காட்சியில சித்தப்பா எழுந்து வெளியே போயிட்டாரு. டீ குடிக்கப் போனேன்னாரு. கார்த்தி வந்து “அத்தான் அத்தான்”னு காலைச் சுத்த ஆரம்பிச்ச பிறகுதான் உள்ளே வந்தாரு. அதுக்கப்புறம் ஆள் நகரலை.

ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கற பகுதி இருக்குல்ல, அங்க பக்கத்துல காலேஜ் பசங்க “எப்பப்பா தூங்குவீங்க”ன்னு கமென்ட் அடிச்சாங்க. ஜல்லிக்கட்டு, தூத்துக்குடி துப்பாக்கிச் சூடுன்னு பேச்சு எங்கெங்கயோ போகும். சித்தப்பா திரும்பி, “தம்பி, கல்யாண வீட்டுல ராத்திரி திண்ணையில படுத்திருக்கியா நீ? பேச்சு இப்படித்தான் போகும்”னாரு. பசங்க கம்முன்னு ஆயிட்டாங்க.

அப்புறம் நீளம்னு எல்லாரும் சொல்லி, பதினெட்டு நிமிஷத்தை எடுத்துட்டாங்க. குறைச்ச படத்தை மாமியார் வீட்டு ஆளுங்களோட போய்ப் பார்த்தேன். விறுவிறுப்பாத்தான் இருந்தது, மறுக்கலை. ஆனா விடியக்காலையில சொல்லாம கிளம்பி ஓடறாரு பாருங்க அரவிந்த் சாமி, இவ்வளவு அன்பு காட்டறவனோட பேரு தெரியலையேங்கற கூச்சத்துல, அந்தக் கூச்சம் முதல் தடவை எனக்கு நெஞ்சுல உட்கார்ந்தது. ரெண்டாவது தடவை அது ஒரு காட்சியா கடந்து போயிடுச்சு. அவ்வளவு நேரம் அவன் பேசினதைக் கேட்டிருந்தாத்தானே பேரு தெரியாதது குத்தும்?

விருத்தாசலத்திலிருந்து:

எங்களுக்கு ‘லப்பர் பந்து’தாங்க. அந்த மாசம் 20-ந் தேதி வந்த படம். 2006-ல விஜயகாந்த் ஜெயிச்ச தொகுதி இது, அவரு கட்சிக்கு அந்தத் தேர்தல்ல கிடைச்ச ஒரே சீட்டு. படம் வந்தப்ப அவரு போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. ‘பொன்மனச்செல்வன்’ல வர்ற ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ பாட்டு போட, அட்டகத்தி தினேஷ் மட்டையைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குள்ள நடந்து வர்றாரு. எங்க தியேட்டர்ல படம் கேட்கலை, பாட்டுதான் கேட்டுச்சு, அதுவும் ஸ்பீக்கர்ல இருந்து இல்லை. என் பக்கத்துல காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரரு, அம்பது வயசு இருக்கும், துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டாரு. அழறாரா பாடறாரான்னு எனக்குப் புரியலை.

அதே ஆளு, சுவாசிகா டிராக்டரை எடுத்துட்டு வந்து பிட்ச்சை உழுது போடற காட்சியில “அப்படித்தாம்மா, நல்லா ஓட்டு”ன்னாரு. வீட்டுல ரொம்பப் பேச்சு வாங்கியிருப்பாரு போல.

ஒண்ணு சொல்லணும். யாரை டீம்ல சேர்ப்பாங்க, யாரைச் சேர்க்க மாட்டாங்கன்னு சாதியை வச்சு படம் பேசற இடத்துலயெல்லாம் கைதட்டினவங்கள்ல, எங்க ஊர் டீம் ஆளுங்க ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்க டீம்ல யாரு யாரு ஆடறாங்கன்னு எனக்குத் தெரியும். கைதட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

ஸ்காபரோவிலிருந்து:

நாங்கள் இஞ்ச கனடாவில ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்தனாங்கள். 2025 மே மாசம் வந்த படம். சசிகுமாரும் சிம்ரனும் கதைச்சது எங்கட தமிழோ எண்டு கேட்டால், அரைவாசி ஓம், அரைவாசி இல்லை. எனக்குப் பின்னால இருந்த பெடியள் ஒவ்வொரு வசனத்துக்கும் மார்க் போட்டுக்கொண்டு இருந்தவங்கள். ஒரு இடத்தில “உது பாஸ்”, இன்னொரு இடத்தில “உது ஃபெயில்” எண்டு. சின்னப் பெடியன் முள்ளிக்குத்தான் கூட மார்க்.

அம்மா முதல் காட்சியிலயே கதையை நிப்பாட்டிப்போட்டா. படத்தில அந்தக் குடும்பம் இலங்கையில இருந்து இரவில படகில வந்து ராமேஸ்வரத்தில இறங்குது. எங்கட சித்தியாக்கள் 1990-ல இப்பிடித்தான் போய் இறங்கி, மண்டபம் முகாமில இருந்தவை. படத்தில பிடிச்ச பொலிஸ்காரன் மனம் இரங்கி விட்டுடுறான். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. அம்மா மெல்லமாச் சொன்னா, “உப்பிடி ஒரு பொலிஸ் அண்டைக்கு நிண்டிருந்தால் சித்தியின்ர பிள்ளையள் முகாமில வளர்ந்திருக்காதுகள்.”

அதுக்காகப் படம் பிடிக்கேல்லை எண்டு இல்லை. கடைசியில அந்தக் காலனிச் சனம் எல்லாம் எங்கட தமிழில கதைச்சு அவையைக் காப்பாத்துற இடத்தில, மார்க் போட்ட பெடியளும் எழும்பி நிண்டு கை தட்டினவங்கள். அந்த இடத்தில ஒருத்தரும் சரியாக் கதைக்கேல்லை, ஆரும் ஃபெயில் எண்டு சொல்லவும் இல்லை. அம்மா மட்டும் “இது படத்தில சரி” எண்டா.

பெங்களூரிலிருந்து:

எல்லாரும் தியேட்டரைக் கொண்டாடறீங்க, ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும். ‘மகாராஜா’வுக்கு முதல் வாரமே போனேன். 2024 ஜூன் 14 வந்த படம், விஜய் சேதுபதியோட ஐம்பதாவது. காலத்தை முன்னும் பின்னும் வெட்டி ஒட்டி, எது முதல்ல நடந்தது எது அப்புறம்னு நாம கண்டுபிடிக்கறதுலதான் நித்திலன் சாமிநாதன் மொத்தக் கதையையும் வச்சிருக்கார். என் பின்னாடி உட்கார்ந்திருந்தவர் ரெண்டாவது தடவையா வந்திருக்கார். படத்துல ‘லட்சுமி’ன்னு பேரு வச்ச குப்பைத்தொட்டி வந்ததுல இருந்து, “இப்ப பாரு, இது பழசு”, “அது யாரு தெரியுமா?”ன்னு மனைவிக்கு முழு விளக்கவுரை. கடைசி இருபது நிமிஷத்துக்கு நான் கட்டின காசு வீண்.

அதனால ‘கொட்டுக்காளி’யை வீட்டுல, கதவைச் சாத்திட்டு, ஹெட்போன் போட்டுப் பார்த்தேன். ரோட்டுல மறிச்சுக்கிட்டு நிக்கற காளையை ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமா ஓட்டிட்டுப் போகுமே, அதோட காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. உங்க தியேட்டர்ல “சவுண்டு போடுங்கண்ணே”ன்னு கத்தினவனுக்கு அது கேட்டிருக்குமா?

மதுரையிலிருந்து மறுபடியும்:

கேட்டிருக்காதுதான். எனக்கே அந்தச் சத்தம் ஞாபகம் இல்லை, நீங்க சொல்லித்தான் தெரியுது. ஆனா அப்பத்தா எழுந்து நின்னதை நீங்க ஹெட்போன்ல கேட்டிருக்க முடியாதே. எது பெரிய இழப்புன்னு என்னைக் கேட்டா, நான் உங்க பக்கம் வர மாட்டேன்.

நீடாமங்கலத்துக்காரர் சொன்னதுல மட்டும் ஒரு சந்தேகம். குறைச்ச படத்தை முதல் தடவையாப் பார்த்த மாமியார் வீட்டு ஆளுங்க அழுதாங்களா இல்லையா?

நீடாமங்கலத்திலிருந்து:

அழுதாங்க. மாமனார் தேம்பித் தேம்பி அழுதாரு, அந்த சைக்கிள் கதை வர்ற இடத்துல. அவங்களுக்கு எதுவும் குறைஞ்ச மாதிரியே தெரியலை. அதனாலதான் எனக்கு இன்னும் கோபம். வெட்டினது சரின்னு இனிமே எங்க வீட்டுலயே சாட்சி சொல்லுவாங்க.