பழைய பக்க லீவர் ஏர் ரைபிள் இரண்டில் எதை வாங்குவது?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வசிக்கிறேன். பத்து மீட்டர் துப்பாக்கி சுடுதல் பிரிவில் பயிற்சி பெறும் என் 15 வயது மகளுக்காகப் பார்த்துவைத்த இரண்டு பழைய ரைபிள்களில் எதை எடுப்பதென்று மூன்று வாரமாக முடிவுக்கு வர இயலவில்லை. விற்பவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் பொருத்திய புதிய வகை எங்கள் கைக்கு எட்டாத விலை.

ஒன்று ஃபைன்வெர்க்பாவ் 300எஸ். ஸ்பிரிங்கில் இயங்குவது, சுட்டதும் மேல்பாகம் தண்டவாளத்தில் சற்றே பின்னே நகர்ந்து உதைப்பை வாங்கிக்கொள்ளும். மற்றது வால்தர் எல்ஜிஆர். லீவரை ஒருமுறை திறந்து மூடினால் காற்று அழுத்தப்பட்டு நிற்கும். இரண்டும் 4.5 மி.மீ.

தாங்கியில் வைத்து, ஒரே டப்பா பெல்லட்டில் (ஈயக் குண்டு) இருபது இருபது சுட்டுப் பார்த்தோம். 300எஸ் அனைத்தையும் சட்டைப் பொத்தான் அகலத்துக்குள் போட்டது; ஆனால் முதல் ஐந்து சுடுதலில் மெல்லிய புகையும் எண்ணெய் வாடையும் வந்தன, தண்டவாளத்தில் உப்புக்காற்றுத் துரு தெரிகிறது. எல்ஜிஆர் அதைவிடத் துல்லியம். எனினும் அழுத்திய நிலையில் ஐந்து நிமிடம் வைத்திருந்து சுட்டபோது பெல்லட் ஒரு விரற்கடை கீழே இறங்கியது, காற்றை அடைத்து வைக்கும் சீல் கசிகிறதென்றே நினைக்கிறேன். அதன் லீவரும் கடினம். முப்பதாவது சுடுதலிலேயே மகளின் தோள் தளர்ந்தது, போட்டியிலோ 60 சுட வேண்டும்.

புதுச்சேரியில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் காட்டினேன். ஸ்பிரிங் மாற்றித் தருவாராம். சீல் வேண்டுமானால் நாங்களே தேடிக் கொண்டுவர வேண்டுமாம். பயிற்சியாளர் இரண்டுக்கும் தலையசைக்கிறார், அது உதவவில்லை.

இவற்றை வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: துருவேறிய 300எஸ், சீல் கசியும் எல்ஜிஆர், இவ்விரண்டில் இன்னும் மூன்றாண்டுப் பயிற்சியைத் தாங்கக்கூடியது எது?