புதுப்பிப்பு: நீல டேனிஷ் மேசை விளக்கின் முத்திரை கிடைத்துவிட்டது

அடியில் கம்பளித்துணி ஒட்டியிருந்த என் நீல ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான பீங்கான்) மேசை விளக்கு எந்தப் பட்டறையினுடையது என்று கேட்டிருந்தேன்; உதவிய அனைவருக்கும் நன்றி. பசையைச் சுரண்டாமல், வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு உரிக்கச் சொன்ன யோசனையே பலித்தது. உள்ளே, களிமண் காயுமுன் அழுத்தப்பட்ட ‘சோஹோல்ம், போர்ன்ஹோல்ம், டென்மார்க்’ என்ற முத்திரையும் ஒரு வடிவ எண்ணும் தெளிவாக இருந்தன. ஆகவே, இது பால்ஷுஸ் என்ற வேறொரு டேனிஷ் பட்டறையினுடையது என்ற என் ஊகம் தவறு. இது போர்ன்ஹோல்ம் தீவின் ரொன்னே நகரில் 1835-இல் தொடங்கி 1996 வரை இயங்கிய பட்டறையின் வேலை. புடைப்பு விளிம்புகளில் நீலப் பூச்சு மெலிந்து பழுப்பாகத் தெரிவது, முத்திரையை அறிந்தபின் இன்னும் அழகாகத் தோன்றுகிறது.

எதிர்பாராத ஒன்று: பழைய மின்கம்பியின் ரப்பர் உறை தொட்டதும் பொடிந்தது. மின்பணியாளர் புதிதாகத் துளையிடாமல், பழைய துளை வழியாகவே புதுக் கம்பி இழுத்துத் தந்த பிறகே விளக்கை ஏற்றினேன்.