ஊருக்கு மேற்கே கிரஷர், வீடெல்லாம் தூசி. மனு கொடுத்தும் "விதிமீறல் இல்லை" என்று பதில். அடுத்து என்ன செய்யலாம்?

பனங்காட்டுக்காரன்:

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கல் உடைக்கிற கிரஷர், அதோடு சேர்த்து எம்சாண்ட் மிஷினும் போட்டிருக்கிறார்கள். வைகாசிக் கடைசியில் மேல்காற்று கிளம்பினால் ஆவணி வரைக்கும் ஜன்னலைத் திறக்க முடியாது. காயப்போட்ட துணி, முருங்கை இலை, பிச்சிப் பூ எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். பனையேறுகிறவர்கள் கலயத்தைத் துணி கட்டி மூடியும் பதநீரில் தூசி இறங்குகிறது. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் ராத்திரி பூரா இருமுவதைத்தான் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். ஆடியில் கொடுத்த மனுவுக்கு ஐப்பசியில் ஆய்வுக்கு வந்தார்கள். முந்தின நாள் நல்ல மழை, அன்றைக்கு மிஷினும் ஓடவில்லை. "விதிமீறல் ஏதும் கண்டறியப்படவில்லை" என்று கடிதம் வந்துவிட்டது. ஊரில் பல வீடுகளுக்கு அங்கேதான் பிழைப்பு, அதனால் மறுபடி கையெழுத்துக் கேட்டுப் போனால் தயங்குகிறார்கள். வக்கீல் வைக்கிற வசதி எங்களுக்கு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தங்கரைத் தெரு:

அண்ணாச்சி, அந்தக் கடிதத்தை வைத்துச் சோர்ந்து போகாதீர்கள். அது ஐப்பசி மாதத்துக்கான பதில், அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உங்கள் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்று அடிக்கும்போது தூசி நேரே கிழக்கே உங்கள் ஊருக்குள் வரும். ஐப்பசியில் வாடைக் காற்று, மண்ணும் நனைந்திருக்கும், அப்போது வந்து பார்த்தால் என்ன தெரியும்? அடுத்த மனுவில் "தூசியால் சிரமப்படுகிறோம்" என்று பொதுவாக எழுதாமல், ஆனி, ஆடியில், மிஷின் ஓடும்போது, காற்று போகிற பக்கத்தில் ஊருக்குள் கருவி வைத்து அளக்க வேண்டும் என்று கேளுங்கள்.

விதி தெளிவாகவே இருக்கிறது. 1986ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கிரஷருக்கென்றே தனியாக எழுதியிருக்கிறார்கள். தூசி வெளியே வராமல் அடைப்பு, தண்ணீர் தெளிப்பு, காற்றைத் தடுக்கும் சுவர், வளாகத்துக்குள் சரியான ரோடு, தரையை அடிக்கடி கூட்டி நனைப்பது, சுற்றிலும் மரம். இதெல்லாம் இருந்தாக வேண்டும். கிரஷரால் சேருகிற தூசி 40 மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 600 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள், அது கிரஷருக்கான கணக்கு. நீங்கள் குடியிருக்கிற இடத்துக்கு 2009இல் வந்த தேசியக் காற்றுத் தர அளவு இருக்கிறது: பிஎம்10 என்கிற நுண்தூசி 24 மணி நேர சராசரியில் 100 மைக்ரோகிராம். ஊருக்குள் அளக்கச் சொல்வது அதற்காகத்தான். போனில் சமீர் என்கிற காற்றுத் தர ஆப்பில் பார்க்கிற எண்ணை யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம், அது கருவி நிற்கிற இடத்துக் காற்று, உங்கள் தெருக் காற்று இல்லை.

சுபா, பாளையங்கோட்டை:

நான் நர்ஸ். இலையில் வெள்ளையாகப் படிவது பெரிய தூசி, பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடி வரைக்கும் போவது கண்ணுக்கே தெரியாத பொடி. நம் பக்கத்துப் பாறையில் குவார்ட்ஸ் என்கிற சிலிக்காக் கனிமம் கலந்திருக்கிறது, அந்தப் பொடியை வருடக்கணக்காகச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும். வந்த பாதிப்பைத் திருப்ப முடியாது. காசநோய் பிடிக்கிற வாய்ப்பும் கூடும், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று போலத் தெரிந்து குழப்புவதும் உண்டு. முதலில் பயப்பட வேண்டியது கிரஷருக்குள்ளேயே வேலை பார்க்கிறவர்களுக்காக. அவர்கள் வீட்டில் போய் இதைச் சொல்லுங்கள் அண்ணா, கையெழுத்து அப்புறம் கேட்கலாம்.

இருமல் விடாதவர்களை பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கிரஷர் பக்கத்தில் குடியிருக்கிறோம், அல்லது அங்கே வேலை என்று டாக்டரிடம் சொல்லி, அதை ஓபி சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். சும்மா "சளி, இருமல்" என்று மட்டும் எழுதியிருந்தால் பின்னால் எந்த மனுவுக்கும் அது உதவாது.

டிப்பர் டிரைவர்:

எனக்குச் சோறு போடுவதே இந்தத் தொழில்தான், அதனால் இதையும் கேளுங்கள். "மூடு" என்று ஆரம்பித்தால் வேலைக்குப் போகிறவன் எல்லாம் உங்களுக்கு எதிரியாகிவிடுவான். கன்வேயரை மூடச் சொல்லுங்கள், ஸ்பிரேயர் ஓடச் சொல்லுங்கள், லோடுக்குத் தார்ப்பாய் போடாத வண்டியை வெளியே விடக் கூடாது என்று கேளுங்கள், மண் ரோட்டுக்குத் தினமும் தண்ணி லாரி கேளுங்கள். பாதித் தூசி வண்டி போகிற ரோட்டில் இருந்துதான் கிளம்புகிறது, தினம் பார்க்கிறேன். இப்படிக் கேட்டால் நாங்களும் கையெழுத்துப் போடுவோம், அந்தத் தூசியைத் தின்பது முதலில் நாங்கள்தானே.

மேலரத வீதி:

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேட்ட கேள்வியில் கேரளத்தில் இருந்தே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. குப்பைக்குள் கிடந்த சீட்டுகள் அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. காற்றில் வருகிற தூசிக்கு அப்படிச் சீட்டு கிடையாது, அதனால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோவும் ஒரு நோட்டும் நீங்களேதான் சேர்க்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கு வக்கீல் இல்லாமல் நீங்களே மனுப் போடலாம், நஷ்டஈடு கேட்காவிட்டால் கட்டணம் 1000 ரூபாய். பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்று தீர்ப்பாயச் சட்டத்தின் 14வது பிரிவு சொல்கிறது, அதனால் ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள்.

பனங்காட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டிரைவர் அண்ணன் சொன்னது ரொம்ப உதவி, கோரிக்கையை அப்படியே மாற்றி எழுதுகிறோம். சுபா அக்கா சொன்னபடி முதலில் வேலைக்குப் போகிற வீடுகளுக்குப் போகிறோம். மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இப்போதே கொடுக்கலாமா, காற்று கிளம்பும்வரை பொறுக்கலாமா?

ஆத்தங்கரைத் தெரு:

பொறுக்க வேண்டாம். இது பங்குனி. இப்போதே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் மனு அனுப்புங்கள். கிரஷருக்குக் கொடுத்த இசைவாணையின் (இயங்குவதற்கு வாரியம் தருகிற அனுமதி) நகல், அதில் உள்ள நிபந்தனைகள், ஐப்பசி ஆய்வின் அறிக்கை, அன்றைக்கு மிஷின் ஓடியதா, கருவியை எந்தத் திசையில் வைத்து அளந்தார்கள், இவ்வளவும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு மாதம் ஓடும். ஆனி பிறக்கும்போது காகிதம் கையில் இருந்தால், காற்று கிளம்பிய முதல் திங்கட்கிழமையே வீடியோவோடு போய் நிற்கலாம். அந்த இசைவாணை வந்ததும் இங்கே சொல்லுங்கள், நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிப்போம்.